தேதி முதலில், ஃபண்டு கடைசியில்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முதலீட்டு வழிகாட்டி

"எந்த ஃபண்டுல போடலாம் சார்?" மஞ்சக்குப்பம் டீக்கடையில் நின்றாலும் சரி, புதுச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, முதலீடு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். "அந்தப் பணம் உங்களுக்கு என்றைக்கு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டால் பலரும் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்று வருடத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய பணத்துக்கும், இருபது வருடம் கழித்து உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பணத்துக்கும் ஒரே ஃபண்டு பொருந்தாது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஃபண்டு, அதாவது பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளிலோ கடன் பத்திரங்களிலோ போடும் மியூச்சுவல் ஃபண்டு, ஆறாவது படியில்தான் வரும்.

நான் செபியில் (பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. ஃபண்டு விற்பவனும் இல்லை. சொந்தப் பணத்தைப் போட்டு வைத்திருக்கும் ஒரு கடலூர்க்காரன், அவ்வளவுதான். கீழே வரும் கம்பெனிப் பெயர்கள் எல்லாம் விளக்கத்துக்காக, வாங்கச் சொல்வதற்காக அல்ல.

முதல் படி: இருப்பதை எழுதுங்கள்

"என்கிட்ட முதலீடு எதுவும் இல்லை" என்று சொல்லும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இரண்டு எல்ஐசி பாலிசி, ஓர் ஏலச் சீட்டு, பத்துப் பன்னிரண்டு பவுன், ஒரு ஆர்டி, பி.எஃப்., ஊர்ப்பக்கம் ஒரு மனை என்று வரிசையாக வெளியே வரும். ஒரு நோட்டில் அத்தனையையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: இன்று எடுத்தால் எவ்வளவு, என்றைக்கு முதிர்கிறது, யார் பெயரில் இருக்கிறது.

இதில் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு எழுத்தாளர்கள் சீட்டை ஒரே வரியில் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டலாமே. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய், சீட்டு நடத்துபவருக்கு 5 சதவீதக் கமிஷன் என்று வைப்போம். முதல் மாதம் 30,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து 70,000-க்கு, ஒருவர் எடுக்கிறார். மாதாமாதம் தள்ளு குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் வெறும் கமிஷன் 5,000-ல் நிற்கிறது. தள்ளில் கமிஷன் போக மீதியை இருபது பேரும் பங்கிட்டுத் தவணையில் கழித்துக்கொள்கிறார்கள், அந்தக் கழிவு போக ஒருவர் கட்டுவது மொத்தம் 87,500 ரூபாய். கடைசி வரை காத்திருந்தவருக்குக் கைக்கு வருவது 95,000. அவர் பணம் சராசரியாக ஒன்பது மாதம் சீட்டில் இருந்திருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மோசமில்லை. முதல் மாதம் 70,000 எடுத்தவரும் அதே 87,500-தான் கட்டுகிறார். அவருக்கு இது ஆண்டுக்கு 30 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு வாங்கிய கடன். சீட்டு கடைசி ஆளுக்குச் சேமிப்பு, முதல் ஆளுக்குக் கந்துவட்டிக்குப் பக்கத்து வீடு. நீங்கள் எந்த ஆள் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நடத்துபவர் ஊரில் இருக்கும் வரைதான். 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவும் பதிவாளரிடம் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் சேர வேண்டாம். மாதம் இத்தனை சதவீதம் என்று வட்டி சொல்லி டெபாசிட் வாங்குகிற நிதி நிறுவனங்கள் இன்னும் ஆபத்தானவை. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. மத்திய அரசும் 2019-ல் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. அப்புறமும் பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலக வாசலில் கூட்டம் குறைந்தபாடில்லை.

நகையைப் பொறுத்தவரை, போட்டுக்கொள்ளும் நகையை முதலீட்டுப் பத்தியில் எழுதாதீர்கள். வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது அதில் எதுவும் திரும்பாது. பழைய எல்ஐசி எண்டோமென்ட் பாலிசியை யாரோ சொன்னார்கள் என்று உடனே சரண்டர் செய்யவும் வேண்டாம். சரண்டர் மதிப்பையும் முதிர்வுத் தொகையையும் கிளையில் எழுதி வாங்கி, மீதி வருடங்களைப் பார்த்து முடிவெடுங்கள். உயிர்க் காப்பீடு வேண்டுமென்றால் டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் காப்பீடு) தனியாக எடுங்கள். அதைச் சேமிப்போடு கலக்காதீர்கள்.

இரண்டாம் படி: புயல் பணம்

அவசர நிதி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நம் கரையில் அதைப் புயல் பணம் என்றே சொல்லலாம். 2004-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முந்திரி மரம் மறுபடி காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். தானேயில் தோப்பு போனவர்களுக்கு நின்றது ஒரு மாதச் சம்பளம் இல்லை, பல வருட வருமானம்.

ஆகவே சம்பளக்காரருக்கு ஆறு மாதச் செலவு, விவசாயத்தையோ கடலையோ சொந்தக் கடையையோ நம்பியிருப்பவருக்கு ஒரு வருடச் செலவு. இதை மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரு வாரத்துக்கான ரொக்கம் வீட்டிலேயே இருக்கட்டும். தானே புயல் சமயத்தில் கரண்ட் போய் ஏடிஎம், கார்டு எல்லாம் சும்மா கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். இரண்டு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். மீதி லிக்விட் ஃபண்டிலோ (மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டு) குறுகிய கால எஃப்டியிலோ. பல லிக்விட் ஃபண்டுகளில் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை உடனடியாக வங்கிக் கணக்குக்கு எடுக்கும் வசதி உண்டு. எஃப்டி போடுவதானால் ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது வெறும் ஒரு லட்சம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதி

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியும் இந்தப் படிதான். மற்றவை எல்லாம் இதைச் செய்து முடித்தவர்களுக்கு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு சிப்காட் தொழிற்சாலையில் 38,000 ரூபாய் சம்பளம். மனைவி திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்து 14,000 பார்க்கிறார். ஆக 52,000. வாடகை, மளிகை, பள்ளி எல்லாம் சேர்த்து 34,000 போகிறது. மிச்சம் 18,000. அதில் 5,000 சீட்டுக்குப் போகிறது, சீட்டு முடிய இன்னும் 17 மாதம். வங்கியில் 60,000 இருக்கிறது. மூன்று வருடத்தில் மகள் கல்லூரி. இருபது வருடத்தில் ஓய்வு.

புயல் பண இலக்கு ஆறு மாதம், அதாவது 2,04,000. வங்கியில் இருக்கும் 60,000-ஐ அதற்கென்று ஒதுக்கியாயிற்று. மாதம் 3,000 லிக்விட் ஃபண்டுக்குப் போனால் 17 மாதத்தில் 51,000. சீட்டு முடிந்து வரும் 95,000-ஐயும் சேர்த்தால் 2,06,000. முடிந்தது. அந்தப் பணத்தில் பைக் மாற்றும் யோசனை கண்டிப்பாக வரும், வீட்டில் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு மாதம் 5,000 ஆர்டி. பங்குச் சந்தை நிழல்கூட அதன் மேல் படக் கூடாது. மீதி 5,000 ஓய்வுக்காலத்துக்கு, பங்கு சார்ந்த ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை. புயல் பணம் நிரம்பும் வரை எஸ்ஐபி தொடங்கவே கூடாது என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னத் தொகையிலாவது இப்போதே தொடங்கினால் சந்தை ஏறி இறங்குவது பழகிவிடும்.

பொது விதி இது: மூன்று வருடத்துக்குள் வேண்டிய பணம் எஃப்டி, ஆர்டி, லிக்விட் ஃபண்டு. மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை பெரும்பகுதி கடன் சார்ந்தவை (எஃப்டி, கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டு), கொஞ்சம் பங்கு. ஏழு வருடத்துக்கு மேல் என்றால்தான் பெரும்பகுதி பங்கு. ஐந்து வருடம் போதும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அதே அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. 2010 நவம்பரில் 21,000-ஐ எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. பழைய உச்சத்தை நிலையாகத் தாண்ட 2013-இன் கடைசி மாதங்கள் ஆயிற்று. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு ஏறக்குறைய ஆறு வருடம் அசலே ஆட்டம். ஏழு என்ற எண் எனக்கு அங்கிருந்துதான் வருகிறது.

நான்காம் படி: கேஒய்சி, அதாவது இனிஷியல் தலைவலி

கேஒய்சி என்றால் நீங்கள் யார் என்று ஆவணம் காட்டி உறுதிசெய்வது. வேண்டியது பான், ஆதார், வங்கிக் கணக்கு, ஆதாருக்கும் வங்கிக்கும் ஒரே கைபேசி எண். கேட்கச் சுலபம். நம் ஊரில் சிக்கல் பெயரில் வரும். வடநாட்டுக் குடும்பப் பெயர் முறைக்காகச் செய்த படிவத்தில் நம் இனிஷியல் உட்காராது. ஆதாரில் 'க. செல்வி', பானில் அப்பா பெயர் விரிந்து 'கலியமூர்த்தி செல்வி', வங்கியில் 'செல்வி கே', கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். நான்கும் ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு ஆள்.

முதலில் பானையும் ஆதாரையும் ஒன்றுபோல ஆக்குங்கள், பிறந்த தேதி உட்பட. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று கேட்டால், மாற்றுவதற்கு எது சுலபமோ அதை மாற்றி மற்றதற்குப் பொருத்துங்கள். பெரும்பாலும் ஆதார் மையத்தில் முடிந்துவிடும். அப்புறம் வங்கியில் அதே எழுத்தில் மாற்றுங்கள். கடைசியாகக் கேஒய்சி. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

கேஒய்சி நிலையை ஆன்லைனில் பான் எண் போட்டுப் பார்க்கலாம். 'வேலிடேட்டட்' என்று வந்தால் எந்த ஃபண்டு நிறுவனத்திலும் போடலாம். 'ரெஜிஸ்டர்ட்' என்றால் ஏற்கனவே இருக்கும் நிறுவனங்களில் தொடரலாம், புதிய நிறுவனத்துக்குப் போனால் மறுபடி ஆவணம் கேட்பார்கள். 'ஆன் ஹோல்டு' என்றால் சரிசெய்யும் வரை ஒன்றும் நடக்காது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் நிறைய. வரி வசிப்பிடம், குடியுரிமை பற்றிப் படிவத்தில் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆதார் இருக்கிறது, இங்கேயேதான் இருக்கிறேன் என்று இந்தியர் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் பின்னால் பணம் எடுக்கும்போது பிரச்சினை. சிங்கப்பூர், வளைகுடா போனவர்களும் அப்படித்தான். வெளிநாடுவாழ் இந்தியர் என்று கேஒய்சியை மாற்றி, என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ என்ற அவர்களுக்கான வங்கிக் கணக்கு வழியாகத்தான் போட வேண்டும். அவர்கள் விற்கும்போது லாபத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும்.

ஐந்தாம் படி: நேரடியா, முகவர் வழியா?

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் இரண்டு வடிவம் உண்டு. 'டைரக்ட்' என்றால் முகவர் இல்லை, கமிஷன் இல்லை. 'ரெகுலர்' என்றால் உங்கள் பணத்திலிருந்தே முகவருக்கு ஆண்டுதோறும் கமிஷன் போகும், நீங்கள் தனியாகக் கொடுப்பதில்லை என்பதால் தெரியாது. ஃபண்டு மேலாளர் பங்கு தேர்ந்தெடுக்கும் ஆக்டிவ் ஃபண்டுகளில் இடைவெளி பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இருக்கும்.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். மாதம் 5,000 ரூபாய், 20 வருடம். கணக்குக்காக 12 சதவீதம் என்று வைத்தால் (இது உத்தரவாதம் இல்லை) ஏறக்குறைய 50 லட்சம். 11 சதவீதம் என்றால் 43.7 லட்சம். கையிலிருந்து போட்டது இரண்டிலும் 12 லட்சம்தான்.

இத்தனைக்குப் பிறகும் எல்லாரும் டைரக்டுக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். சந்தை சரிந்த 2020 மார்ச்சில் வீட்டுக்கு வந்து "அம்மா, விற்காதீங்க, ஆறு மாசம் பேசாம இருங்க" என்று தடுத்த முகவர் அந்தக் கமிஷனை நேர்மையாகச் சம்பாதித்தவர். வருடத்துக்கு ஒரு முறை புதிய ஃபண்டுக்கு மாற்றச் சொல்லிப் படிவம் நீட்டுபவர் அப்படி இல்லை. முகவரிடம் ஆம்ஃபி (ஃபண்டு நிறுவனங்களின் சங்கம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கவுன்டரில் ஃபண்டு கேட்டுப் போய் யூலிப் (காப்பீடும் முதலீடும் கலந்தது) பாலிசியோடு திரும்பி வந்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். கையெழுத்துப் போடும் தாளில் 'பிரீமியம்' என்ற சொல் இருந்தால் அது ஃபண்டு இல்லை, காப்பீடு.

டைரக்ட் என்றால் ஃபண்டு நிறுவனத்தின் சொந்த இணையதளம், அல்லது கேம்ஸ், கேஃபின்டெக் என்ற, ஃபண்டுக் கணக்குகளைப் பராமரிக்கும் இரண்டு பதிவாளர்களும் சேர்ந்து நடத்தும் எம்எஃப் சென்ட்ரல் போதும். நேரில் போய்க் கேட்கப் புதுச்சேரியில் இந்தப் பதிவாளர்களின் அலுவலகமும் உண்டு.

ஆறாம் படி: இப்போது ஃபண்டு

ஏழு வருடத்துக்கு மேற்பட்ட பணத்துக்கு என் முதல் தேர்வு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு. நிஃப்டி 50 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள, நாட்டின் 50 பெரிய கம்பெனிகளை, குறியீட்டில் இருக்கும் அதே விகிதத்தில் அப்படியே வாங்கி வைத்திருக்கும். யாருடைய புத்திசாலித்தனத்தையும் நம்ப வேண்டியதில்லை. டைரக்ட் வடிவத்தில் செலவு விகிதம் (ஃபண்டு நிறுவனம் ஆண்டுதோறும் பிடித்துக்கொள்ளும் கட்டணம்) 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பல நிறுவனங்கள் இதையே விற்பதால் தேர்வு சுலபம்: செலவு குறைவாக, குறியீட்டிலிருந்து விலகல் குறைவாக, அளவில் பெரியதாக உள்ள ஒன்று.

இரண்டாவதாக வேண்டுமென்றால் ஒரு ஃபிளெக்ஸி கேப், அதாவது பெரிய, நடுத்தர, சிறிய கம்பெனி எல்லாவற்றிலும் போடும் ஃபண்டு. போதும். எட்டு ஃபண்டு வைத்திருப்பவரின் பட்டியலைத் திறந்தால் எட்டிலும் அதே வங்கிகள், அதே ஐடி கம்பெனிகள்தான் மேலே இருக்கும்.

ஸ்மால் கேப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. செபி கணக்கில் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251 தொடங்கி மீதி எல்லாம் ஸ்மால் கேப். ஏறும்போது எல்லாரும் வாங்குவார்கள், இறங்கும்போது வாங்க ஆள் இருக்காது. 2024 மார்ச் முதல் மிட், ஸ்மால் கேப் ஃபண்டுகள் தங்கள் பங்குகளில் பாதியை விற்க எத்தனை நாள் பிடிக்கும் என்ற கணக்கை வெளியிடுகின்றன. போன வருட வருமானத்தைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

கடன் ஃபண்டு என்றால் ஆபத்து இல்லை என்பது பாதி உண்மை. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது, ஆனால் மக்களுக்கு வேண்டிய தேதியில் வரவில்லை. அதிக வட்டிக்காகத் தரம் குறைந்த கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்ததுதான் காரணம். கடன் ஃபண்டில் கூடுதல் அரை சதவீதம் தேடாதீர்கள்.

விற்பனையின்போது காதில் விழும் இரண்டு பேச்சு. புதிய ஃபண்டு யூனிட் பத்து ரூபாய்தான், மலிவு என்பார்கள். யூனிட் விலை பத்தாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பங்குகள் அதே சந்தை விலையில் வாங்கியவைதான். அடுத்தது டிவிடெண்டு வரும் என்பது. அது உங்கள் யூனிட் மதிப்பிலிருந்தே எடுத்துத் தருவது, அன்றே யூனிட் விலை (என்ஏவி) அந்த அளவு குறையும். டிவிடெண்டு தராமல் லாபத்தை ஃபண்டிலேயே விட்டுவைக்கும் 'குரோத்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: எஸ்ஐபி தேதி, வருமானத் தேதி

சம்பளக்காரருக்கு ஒரு வரிதான்: சம்பளம் வந்த மூன்றாம் நாள் எஸ்ஐபி போகட்டும்.

மற்றவர்களுக்கு எஸ்ஐபி விளம்பரம் சொல்லும் அளவுக்குச் சுலபமில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகில் போகும் குடும்பத்துக்கு அந்த இரண்டு மாதம் எஸ்ஐபி எடுக்கக் கணக்கில் பணம் இருக்காது. எடுக்க முடியாமல் திரும்பினால் வங்கி அபராதம் போடும், தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். அவர்கள் இப்படிச் செய்யலாம்: நல்ல பாடு வரும் மாதங்களில் கிடைப்பதை லிக்விட் ஃபண்டில் மொத்தமாகப் போட்டுவிட்டு, அங்கிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை பங்கு ஃபண்டுக்குத் தானாக மாறும்படி எஸ்டிபி என்ற ஏற்பாட்டைப் போடுங்கள். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை. பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கும், ஆலையிலிருந்து கரும்புப் பணம் மொத்தமாக வரும் நெல்லிக்குப்பம் விவசாயிக்கும் இதே வழி பொருந்தும். வருடத்துக்கு ஒரு முறை வருமானம் கூடினால் தொகையையும் கூட்டுங்கள்.

எட்டாம் படி: பங்கு வாங்கியே ஆக வேண்டுமென்றால்

மொத்த முதலீட்டில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்கப் போனாலும் மகள் படிப்பு நிற்காது.

தெரிந்த கம்பெனியை வாங்குங்கள் என்பார்கள். தெரிந்தது என்றால் என்ன? நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைச் சங்கு காதில் விழும் தூரத்தில் இருப்பவர், அந்த ஆலையை நடத்தும் ஈஐடி பாரி தனக்குத் தெரிந்த கம்பெனி என்று நினைப்பார். ஆனால் அந்தக் கம்பெனியின் கையில் கோரமண்டல் இன்டர்நேஷனல் என்ற உரக் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் இருக்கின்றன. பங்கு விலையில் கரும்பு ஒரு பகுதி, உரம் பெரும்பகுதி. இந்தப் பருவத்தில் எத்தனை டிராக்டர் கரும்பு உள்ளே போனது என்று எண்ணிக்கொண்டிருந்தால் தவறான கணக்கை எண்ணுகிறீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து லாபம் எங்கிருந்து வருகிறது, கடன் எவ்வளவு, தொழிலிலிருந்து ரொக்கம் உண்மையில் கைக்கு வருகிறதா, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்று நான்கையும் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நெய்வேலிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சம்பளம் என்எல்சி, குவார்ட்டர்ஸ் என்எல்சி, மகன் வைத்திருக்கும் கடைக்கு வரும் ஆட்களும் என்எல்சி. இதற்கு மேல் சேமிப்பையும் என்எல்சி பங்கிலேயே வைத்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் வீட்டில் எல்லாமே ஒன்றாக ஆடும். கம்பெனி நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சே இல்லை.

பங்கு விலை கம்பெனியை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குப் புதுச்சேரியே பழைய சாட்சி. அந்த ஊரை நடத்திய பிரெஞ்சுக் கம்பெனியை ஜான் லா என்பவர் 1719-ல் தன் பெரிய கம்பெனியோடு இணைத்தார். பாரிஸில் 500 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) பங்கு சில மாதங்களில் 10,000-ஐ ஒட்டிப் போனது. புதுச்சேரியில் கப்பல் ஏறிய துணி மூட்டை இருபது மடங்கு ஆகிவிடவில்லை. அச்சடித்த காகிதப் பணம்தான் பெருகியது. 1720-லேயே சரிந்தது.

எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் வாங்கி விற்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபியே 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் டிப்ஸ் கொடுத்து, தனி ஆப் இறக்கச் சொல்லி, அதில் லாபம் ஏறுவதாகக் காட்டி, எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பவர்கள் திருடர்கள். பணம் போனால் அன்றே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

ஒன்பதாம் படி: பொருளாதாரச் செய்தியை எங்கே வைப்பது

டிவியில் ஜிடிபி, ரூபாய் மதிப்பு, அந்நிய முதலீட்டாளர் விற்பனை என்று நாள் முழுக்க ஓடுகிறது. அதை வைத்து ஃபண்டை வாங்கவும் விற்கவும் முடியுமா? 2020-21 நிதியாண்டைப் பாருங்கள். முதல் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. அந்த முழு ஆண்டும் பொருளாதாரம் சுருங்கிய ஆண்டுதான். அதே ஆண்டில் நிஃப்டி சுமார் 8,600-லிருந்து 14,700-ஐ ஒட்டி, அதாவது 70 சதவீதம் ஏறியது. சந்தை நேற்றைய செய்திக்கு விலை போடுவதில்லை. செய்தி நம் காதுக்கு வரும்போது விலை ஏற்கனவே மாறியிருக்கும்.

செய்திகளில் உங்கள் வீட்டுக்கு நேராக வருவது ஒன்று உண்டு, அது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2025-ல் ரிசர்வ் வங்கி அதை 6.5-லிருந்து படிப்படியாக 5.25 சதவீதமாகக் குறைத்தது. மிதவை வட்டியில் வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் வங்கிக்குப் போய் என் கடன் ரெப்போவோடு இணைந்திருக்கிறதா, வட்டி குறைந்திருக்கிறதா என்று எழுதிக் கேட்க வேண்டும். பழைய முறையில் வாங்கிய கடன் இன்னும் உயர்ந்த வட்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த அரை மணி நேரம் எந்தச் சந்தைக் கணிப்பையும் விட லாபம். ரெப்போ இறங்கினால் எஃப்டி வட்டியும் இறங்கும், வட்டியை நம்பி வாழும் பெரியவர்கள் நீண்ட காலத்துக்குப் பூட்டுவதா என்று அப்போது யோசிக்கலாம்.

விலைவாசியை மறக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், கூடக் குறைய 2. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பு. அந்த 34,000 ரூபாய் வீட்டுச் செலவு 68,000 ஆகும்.

பத்தாம் படி: இறங்கும்போது

2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. 5 லட்சம் 3.1 லட்சமாகத் தெரிந்த நாள் அது. நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 2008-ல் அப்படி நடக்கவில்லை என்று மேலே பார்த்தோம். எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்குத்தான் தேதி. நோட்டைத் திறந்து இந்தப் பணம் என்றைக்கு வேண்டும் என்று பாருங்கள். பத்து வருடம் கழித்து என்றால் நோட்டை மூடிவிடுங்கள்.

தேதி நெருங்குவது வேறு கதை. மூன்று வருடம் இருக்கும்போதே, சந்தை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், பங்கு ஃபண்டிலிருந்து மாதாமாதம் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றத் தொடங்குங்கள். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று கடைசி வரை வைத்திருந்து கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

பதினோராம் படி: வரி

பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஒரு வருடம் தாண்டினால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். 2 லட்சம் லாபம் என்றால் 75,000-க்கு 9,375, செஸ் சேர்த்து 9,750 ரூபாய். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒரு வருடம் எண்ண வேண்டும். பல ஃபண்டுகள் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம் வெளியேறும் கட்டணமும் போடும். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டின் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப் படி வரி. அதில் எஃப்டியை விடப் பெரிய சலுகை இல்லை.

பன்னிரண்டாம் படி: வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும்

ஒவ்வொரு ஃபோலியோவிலும் (ஃபண்டுக் கணக்கு) நாமினி போடுங்கள். நாமினி பெயரும் அவருடைய ஆதாரில் உள்ள அதே எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று, அப்புறம் உறுதிமொழிப் பத்திரம் என்று அலைய வேண்டியிருக்கும். ஃபண்டு, பங்கு எல்லாம் சேர்த்து வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை அச்செடுத்து, முதல் படியில் எழுதிய அந்த நோட்டோடு வையுங்கள். ஏதாவது தவறாக நடந்தால் முதலில் ஃபண்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம்.

அப்பா, தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய காகிதப் பங்குச் சான்றிதழ் இருந்தால் அது செல்லாக் காசு இல்லை. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாது, டீமேட் (மின்னணுக் கணக்கில் உள்ள பங்கு) ஆக்க வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காமல் விட்டிருந்தால் பங்கே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்து திரும்பப் பெற ஐஇபிஎஃப்-5 என்ற படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. மீட்டுத் தருகிறேன், பங்கில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வரும் ஏஜெண்டிடம் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.